வயதேறிய சிறு காரும் வீட்டார் கடமையும்

1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் புதுடில்லியில் அன்றைய பிரதமர் திருமதி இந்திரா காந்தி, முதலாவது மாருதி 800 காரின் சாவியை அதனை வாங்கியவரிடம் ஒப்படைத்தார். விலை அன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். மூன்றே சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய அந்தச் சிறு வண்டி, மருத்துவர், வழக்கறிஞர், ஆலை முதலாளி என்று ஊருக்கு நாலைந்து பேர் வாசலில் மட்டுமே நின்ற மோட்டார் காரைப் பள்ளி ஆசிரியர் வாசலுக்கும் வங்கி எழுத்தர் வாசலுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆகவே இன்று நம் கண்ணிற்படும் மாருதி 800 வண்டிகளில் மிக இளையதும் பத்து வயதைக் கடந்துவிட்டது. இருபதைத் தாண்டியவை பல. முப்பதைத் தாண்டியவையும் உண்டு.

ஞாயிறு காலைத் திருப்பலி வேளையில் நம் பங்குக் கோயில்களின் வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டிகளை நோக்குங்கள். பளபளக்கும் புதியவற்றின் நடுவே சாயம் மங்கிய மாருதிகளும், அவற்றின் பின்னோர்களான ஜென், சான்ட்ரோ, ஆல்ட்டோ வண்டிகளும் இன்னும் நிற்கக் காணலாம். முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏற இயலாத தாயாரைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் கொண்டு செல்வது அவ்வண்டிதான். புதியது வாங்க அவ்வீட்டாருக்கு மனம் இல்லாமல் இல்லை. மகளின் திருமணக் கடனும் மகனின் கல்லூரிக் கட்டணமும் போக, மாதத் தவணை ஒன்றைச் சுமக்க வருவாய் இடங்கொடுப்பதில்லை. அத்தகைய குடும்பங்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

பழைய வண்டி என்றவுடன் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். “இதையா இன்னும் வைத்திருக்கிறீர்கள்? இரும்புக் கடைக்குத் தள்ளுங்கள்” என்பது ஒன்று. “எஞ்சின் கல்லுப்போல் இருக்கிறது, இன்னும் இருபது வருடம் ஓடும்” என்பது மற்றொன்று. முதற் பேச்சு பெரும்பாலும் வீண் பெருமையிலிருந்து பிறப்பது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தாம் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில், பயன்படுத்தித் தூக்கி எறியும் பழக்கத்தைக் கடிந்துரைத்ததை நாம் அறிவோம். அதற்கு இரண்டாண்டு முன்னர், 2013 செப்டம்பரில், இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த முதிய குருவானவர் ஒருவர் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ரெனோ 4 என்னும் 1984-ஆம் ஆண்டுச் சிறு காரை அவருக்கு அன்பளித்தார். அர்ஜென்டினாவில் அதே வகை வண்டியைத் தாமே ஓட்டிப் பழகியிருந்த திருத்தந்தை அதனை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார். பழைய சிறு வண்டி வைத்திருப்பவர் எவரும் அதற்காக நாணவேண்டியதில்லை.

இரண்டாவது பேச்சுதான் அபாயகரமானது. ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்நாளைய சிறு எஞ்சின்கள் எளிமையானவை, உழைப்பவை. வேளைக்கு ஆயில் மாற்றினால் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்று அலுப்பின்றி ஓடும். ஆனால் எஞ்சின் பழுதுபட்டால் என்ன நேரும்? வண்டி சாலையோரம் நின்றுவிடும், பணம் செலவாகும், பயணம் தடைப்படும். பிரேக் பழுதுபட்டால், அல்லது டயர் வெடித்தால், அல்லது பெட்ரோல் குழாய் ஒழுகித் தீப்பற்றினால் நேர்வது வேறு. உயிரைக் காக்கும் உறுப்புகள் கண்ணுக்கு மறைவாக, வண்டியின் அடியிலும் சக்கரத்தின் உள்ளேயும் இருக்கின்றன. அவை எஞ்சினைப்போல இரைச்சலிட்டு நம்மை எச்சரிப்பதும் இல்லை. மெத்தை உறைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பணம் செலவிடும் நாம், அவற்றை எட்டிப் பார்ப்பதேயில்லை.

ரப்பருக்கு வயதுண்டு

இரும்பு தேய்வது ஓட்டத்தால். ரப்பர் அழிவதோ காலத்தால். இதனைப் புரிந்துகொண்டவர் பழைய வண்டியைப் பேணும் கலையில் பாதியைக் கற்றவராவார். ஒரு சிறு காரில் ரப்பர் எங்கெங்கே இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள்: டயர்கள், பிரேக்கின் ஹோஸ் குழாய்கள், பிரேக் சிலிண்டருக்குள் உள்ள சிறு குவளைகள், பெட்ரோல் குழாய்கள், ரேடியேட்டர் குழாய்கள், ஃபேன் பெல்ட், டைமிங் பெல்ட், ஸ்டியரிங் மூட்டுகளின் உறைகள், சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டுகளின் உறைகள், எஞ்சினைத் தாங்கும் மெத்தைகள். வெயிலும் சூடும் காற்றும் இவற்றை ஆண்டுதோறும் இறுகச் செய்கின்றன. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நிகழும்.

“எங்கள் வண்டி வருடத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை, புத்தம் புதிதுபோல் வைத்திருக்கிறோம்” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். ஞாயிறு திருப்பலிக்கும், உறவினர் திருமணத்துக்கும், ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கும் மட்டும் வெளியே வரும் வண்டி அது. உண்மையில் அத்தகைய வண்டிக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. வீட்டிலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு பெறுவதில்லை. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கிறது. சைலன்சருக்குள் தங்கி அதனை உள்ளிருந்தே அரிக்கிறது. பாட்டரியோ, வண்டியைக் கிளப்பச் செலவான மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதற்குள் நிறுத்தப்படுகிறது. வாரம் ஒருமுறை பதினைந்து இருபது கிலோமீட்டர் தூரம் வண்டியை நன்றாக ஓட்டி வருவது இவ்வளவுக்கும் மருந்து. கொட்டகையில் நிற்கவைத்து எஞ்சினை மட்டும் ஐந்து நிமிடம் இயக்கி அணைப்பது மருந்தன்று, நோயை வளர்ப்பது.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளின் வரிசையில், நீள்வட்டக் கோட்டுக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும். பத்தாண்டு ஆகிவிட்டால், வரிகள் எவ்வளவு ஆழமாகத் தோன்றினாலும் மாற்றிவிடவேண்டும். வரிகளுக்கிடையே குறுக்காக உள்ள சிறு மேடுகள், ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தவுடன் டயரின் மேற்பரப்போடு சமமாகும். அதற்குக் கீழே தேய்ந்ததை ஓட்டுவது சட்டத்துக்கும் புறம்பு. குறைய ஓடும் வண்டியில் இம்மேடுகள் தெரியவே தெரியா. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகளே முதலில் தோன்றும். மே மாத வெயிலில், நாற்கரச் சாலையில், நால்வரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு விரையும்போது அந்த மயிரிழைகள் வாய்பிளக்கும். ஸ்டெப்னி டயரையும் மறக்கவேண்டாம். வண்டியோடு வந்த முதல் டயரே பதினெட்டு ஆண்டாகப் பின்பெட்டியில் உறங்குவதைப் பல வண்டிகளில் காணலாம்.

நிறுத்தும் உறுப்புகள்

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மிதியை நாம் அழுத்தும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். பட்டறையில் அதனைப் பிரேக் ஆயில் என்பார்கள். உண்மையில் அது எண்ணெயன்று. காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு. டாட் 3 என்னும் வகையைச் சேர்ந்த புதிய திரவம் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கவேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பின்னரோ 140 பாகை தாங்கினாலே போதும் என்று அதே விதி ஏற்கிறது. இந்த 65 பாகை வேறுபாடு சமவெளியில் நமக்குத் தெரிவதில்லை. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகையில் சக்கரத்தருகே சூடு ஏறுகிறது. பழைய திரவம் கொதித்து ஆவிக்குமிழாகிறது. குமிழ் நசுங்குமேயன்றி விசையைக் கொண்டு செல்லாது. மிதி தரை வரை போகிறது, வண்டி நிற்பதில்லை. இதைத் தவிர்க்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அத்திரவத்தை முற்றிலும் வெளியேற்றிப் புதியது நிரப்பினால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை குடும்பத்தோடு ஓட்டலில் உண்பதைவிடக் குறைவு. மலையிறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குவதும், பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல் விட்டு விட்டு மிதிப்பதும் ஓட்டுபவர் கடமை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பிரேக் மிதியை வலுவாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் குவளை தளர்ந்துவிட்டது என்று அறியலாம். எஞ்சினைக் கிளப்பிய கணத்தில் மிதி சிறிது தாழ்வது சில வண்டிகளில் இயல்பே. அதைக் கண்டு அஞ்சவேண்டாம். பின் சக்கரத்தின் உட்புறச் சுவரில் ஈரக் கசிவு தெரிந்தால் அது வீல் சிலிண்டரின் வேலை. பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரம் தன் பங்கைச் செய்யவில்லை என்று பொருள். திரவம் குறைந்துகொண்டே வருகிறது, நாமும் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம் என்ற நிலை ஒருபோதும் கூடாது. போகிற இடம் எது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், குடிபோதையாலும் வேக மோகத்தாலும் சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவதை ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில் வைத்துக் கண்டிக்கிறது. பிரேக் தளர்ந்திருப்பதை அறிந்தும், “அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுவது அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை என்பது நம் கருத்து.

புது வண்டி வந்தால் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கச் சொல்லுகிறோம். பங்குத் தந்தை தீர்த்தம் தெளிக்கிறார். செபமாலை ஒன்று முன் கண்ணாடியருகே தொங்கவிடப்படுகிறது. வழிப்போக்கரின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபர் பதக்கத்தையும் சிலர் பதிக்கின்றனர். 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது அவர் திருநாள் உலகப் பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதே தவிர, புனிதர் வரிசையிலிருந்து அவர் நீக்கப்படவில்லை. சிலர் தவறாகச் சொல்வதால் இதைக் குறிக்கிறோம். நல்ல வழக்கங்கள்தாம். ஆனால் கண்ணாடியருகே ஊசலாடும் பெரிய செபமாலை, இடப்புறத்திலிருந்து சாலையைக் கடக்கும் ஒரு சிறுவனை ஓட்டுபவர் கண்ணுக்கு மறைக்கப் போதுமானது. பக்தியைப் பறிக்கச் சொல்லவில்லை. செபமாலையைப் பையிலோ பெட்டியிலோ வைத்துக்கொள்ளலாம் என்கிறோம்.

பெட்ரோலும் நெருப்பும்

பழைய சிறு கார்கள் எரிந்துபோன செய்திகளை அவ்வப்போது நாளேடுகளில் படிக்கிறோம். அத்தகைய விபத்துகளுக்கு வழிகோலுபவை பெரும்பாலும் இரண்டு: கசியும் பெட்ரோல், கண்டபடி இழுத்த மின்கம்பி.

நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் கிடைப்பது. நாட்டுக்கு நன்மை உண்டு. ஆயினும் இருபது ஆண்டு முன் செய்த வண்டியின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் இக்கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. சில ரப்பர் உப்பி மிருதுவாகும், சில வெடிக்கும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியிலும் கார்புரேட்டரிலும் துருவும் வெள்ளைப் பொடியும் சேரும். ஆகவே பழைய பெட்ரோல் குழாய்களைக் காலம் பாராமல் மாற்றிவிடுவதே நலம். இக்கலவையைத் தாங்கும் தரமான குழாயைக் கேட்டு வாங்கிப் போடவேண்டும். மீன் தொட்டிக்குப் போடுவதுபோன்ற கண்ணாடி நிற பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கம்பியால் கட்டித் தரும் பட்டறைகளும் உண்டு. அத்தகைய வேலையை ஏற்காதீர்கள். சிறிது சூடேறியதும் அக்குழாய் இளகும். அதன் அருகிலேயே தீப்பொறி பறக்கும் மின்பகுதிகளும் கொதிக்கும் புகைக்குழாயும் இருக்கின்றன.

பெட்ரோல் வாடை வண்டிக்குள் வந்தால் அது கடவுள் கொடுத்த எச்சரிக்கை. உடனே எஞ்சினை அணைத்து, யாவரையும் இறக்கி, பானெட்டைத் திறந்து பார்க்கவேண்டும். இக்காரணத்தாலேயே வண்டிக்குள் வைக்கும் வாசனைப் புட்டிகளை நாம் விரும்புவதில்லை. மல்லிகை மணத்துக்குள் பெட்ரோல் வாடை ஒளிந்துகொள்ளும்.

மின்கம்பியைப் பற்றி ஒரே சொல். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அவ்விடத்தில் செப்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றிவைப்பது, காய்ச்சல் தெரியவேண்டாம் என்று வெப்பமானியை உடைப்பதற்குச் சமம். கம்பி எங்கோ உராய்கிறது, அதைத் தேடவேண்டும். தீயணைக்கும் சிறு உருளை ஒன்றை ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது வீண் செலவன்று.

எஞ்சினுக்குத் தேவை சிலவே. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் அளக்கும் குச்சியை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் தோன்றினால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். மாருதி 800 போன்ற எஞ்சின்களின் மேல்தலை அலுமினியத்தால் ஆனது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் வளைந்துவிடும். எனவே ரேடியேட்டரில் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை ஊற்றாமல், கூலண்ட் கலந்த தூய நீரையே ஊற்றவேண்டும். நெரிசலில் நிற்கையில் சூடு காட்டும் முள் ஏறியும் மின்விசிறி சுழலாவிட்டால், உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. ‘தெர்மோஸ்டாட்’ என்னும் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று சொல்லும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் எஞ்சினுக்குக் கேடே, பெட்ரோலும் வீணாகும். டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. கையேடு சொல்லும் தூரம் ஓடாவிட்டாலும், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக. அது அறுந்தால் ஓடும் எஞ்சின் அக்கணமே நிற்கும். பின்னால் லாரி வரும் பாலத்தின் மீது அது நேர்வதை நினைத்துப் பாருங்கள்.

கடற்காற்று

கடலோரப் பங்குகளில் வாழ்வோர்க்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். உப்புக் காற்று மேலே தெரியும் சாயத்தை மட்டும் தின்பதில்லை. மழைக்காலத்தில் நனைந்த செருப்போடு ஏறுகிறோம். ஈரம் கால்மிதியின் அடியில் வாரக்கணக்கில் தங்குகிறது. அதன் கீழேயுள்ள தகடு உள்ளிருந்து அரிபடுகிறது. கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு; மண் அடைத்தால் கதவு அழுகும். மாதம் ஒருமுறை கால்மிதிகளை எடுத்து வெயிலில் காயவைப்பதும், அத்துளைகளை ஒரு குச்சியால் குத்தி விடுவதும், வண்டியின் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவுவதும் பெண்களும் பிள்ளைகளும்கூடச் செய்யத்தக்க வேலை.

துருவில் இருவகை உண்டு. கதவிலும் மட்கார்டிலும் பிடிப்பது அழகைக் கெடுக்கும் துரு. வண்டியின் எடையைத் தாங்கும் தகடுகளிலும், முன்சக்கர ஷாக் அப்சார்பர்கள் மேலே பொருந்தும் இடத்திலும், இருக்கை வார்கள் பூட்டியிருக்கும் இடத்திலும் பிடிப்பது உயிரைக் கெடுக்கும் துரு. ஜாக்கி வைத்தால் தகடு உள்ளே அமுங்குகிறதா என்று பாருங்கள். திருப்புளியால் தட்டினால் கணீர் என்கிறதா, மொத்தென்கிறதா என்று கேளுங்கள். மொத்தென்ற இடத்தில் பேஸ்ட்டைப் பூசிச் சாயம் அடித்துத் தருபவர் அதைப் பழுது பார்க்கவில்லை, மறைக்கிறார். கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதியதை வெல்டிங் செய்யவேண்டும். அவ்வாறு வெட்டவேண்டிய இடங்கள் பெருகிவிட்டால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த வண்டியின் காலம் முடிந்தது.

பட்டறையும் நோட்டும்

நாம் அறிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இன்றும் தம் பழைய மாருதியை ஓட்டி வருகிறார். எந்த உறுப்பு எந்த நாளில் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் பட்டறைக்காரர் வியப்போடு கேட்டார்:

“சார், இந்த ஹோஸ் நல்லாத்தானே இருக்கு? ஏன் மாத்தச் சொல்றீங்க?”

“அண்ணாச்சி, பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு. போட்டு ஏழு வருஷம் ஆச்சுன்னு நோட்டு சொல்லுதே!”

கழற்றி வளைத்துப் பார்த்தபோது குழாயின் உட்புறம் சிதைந்திருந்தது. மனித நினைவு ‘போன வருடந்தானே மாற்றினோம்’ என்று சொல்லும். நோட்டு உண்மையைச் சொல்லும். அறுபது ரூபாய் நோட்டு ஒன்று போதும். நாளும் கிலோமீட்டரும் விலையும் உறுப்பின் பெயரும் எழுதினால் போதும்.

பட்டறைக்காரரோடு நம் உறவிலும் ஏழாம் கட்டளை குறுக்கிடுகிறது. அது அவரை மட்டும் கட்டுவதன்று. மாற்றாத உறுப்பை மாற்றியதாகக் கணக்கெழுதுவது களவு என்றால், நாள் முழுதும் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்து உழைத்தவரின் கூலியில் ஐம்பதும் நூறும் பிடித்தம் செய்வதை என்னவென்று சொல்வது? கூலியைக் குறைத்தால் அவர் மலிவான போலி உறுப்பைப் போட்டு அதை ஈடுகட்டப் பார்ப்பார்; முடிவில் நட்டம் நமக்கே. உறுப்புகளை நாமே நம்பத்தக்க கடையில் ரசீதோடு வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலியைப் பேசியபடி குறையாமல் கொடுப்பது இருவருக்கும் நலம். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஐயப்பாடு ஒன்றுமில்லை, கற்றுக்கொள்வதற்காகவே. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதிலும் பழைய உறுப்புச் சந்தையில் கிடைப்பதைப் போடவேண்டாம்.

பணம் ஒரே நேரத்தில் கிடைக்காத குடும்பங்கள் வேலையை வரிசைப்படுத்திக்கொள்ளலாம். பிரேக், டயர், ஸ்டியரிங் முதலில். பெட்ரோல் குழாயும் மின்கம்பியும் அடுத்து. பெல்ட்டும் ரேடியேட்டரும் அதற்கடுத்து. கிளட்ச், ஷாக் அப்சார்பர் பிறகு. சாயமும் மெத்தையும் கடைசியில். நம் வீடுகளில் பெரும்பாலும் இவ்வரிசை தலைகீழாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் வருகிறதென்று சாயம் அடிக்கிறோம்! நான்கைந்து பேருக்கென வகுத்த வண்டியில் எண்மரை அடைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போவதையும் இவ்விடத்தில் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. புதிய வண்டிக்கே ஆகாத சுமை அது.

விடைகொடுக்கும் காலம்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு மட்டுமே செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதனோடு பசுமை வரியும் உண்டு. 15 ஆண்டு ஆனதும் பெட்ரோல் காரை உடைத்தே தீரவேண்டும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அத்தகைய தடை டில்லித் தலைநகர் வட்டாரத்துக்கென 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததேயன்றி, தமிழ்நாட்டுக்கு உரியதன்று. இங்கே தகுதியுள்ள வண்டி ஓடலாம். ஆனால் அந்தத் தகுதியை வண்டியைக் கொண்டு பெறவேண்டுமேயன்றி, தரகரைக் கொண்டு பெறக்கூடாது. பிரேக்கைப் பாராமலே கையொப்பம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர், நம் பணத்தை வாங்கிக்கொண்டு நம்மிடமே ஆபத்தை விற்கிறார்.

விற்பதென்று முடிவு செய்தால், வாங்க வருபவர் பெரும்பாலும் நம்மைவிட எளியவராகவே இருப்பார். புதிதாக ஓட்டக் கற்ற இளைஞர், மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிச் செல்ல முதன்முதலாக ஒரு கார் வாங்குகிறார். தரைத் தகடு அரித்திருப்பதையும், பின் பிரேக் பிடிக்காததையும் சொன்னால் அவர் விலையைக் குறைப்பார் என்பது உண்மை. குறைக்கட்டும். நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பதிவுச் சான்றில் பெயர் மாற்றத்தை அவர் செய்துகொள்வார் என்று விட்டுவிடாமல், உடனிருந்து முடித்துவிடவேண்டும். விற்ற வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தாங்கும் தகடுகளே போய்விட்ட வண்டியை எவருக்கும் விற்கக் கூடாது. அதனைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு பதிவை அப்படியே விட்டுவிடுவதும் சரியன்று. அதன் எண்ணைத் தீயோர் வேறு வண்டிக்குப் பயன்படுத்தக்கூடும். 2021-இல் வந்த விதிகளின்படி, அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. பதிவுச் சான்றோடு வண்டியை அங்கே ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். புதிய வண்டி வாங்கும்போது அது சலுகைக்கும் உதவும். உடைத்து முடித்ததற்கான சான்றிதழும் பின்னர் கிடைக்கும். அதைக் கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு நீக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.